ஒரே வெயில், இரண்டு அணிகள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வெப்பம் செய்யும் வேலை

செப்டம்பர் மாதப் பகல் வெயிலில் அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டு அணிகளும் ஒரே மைதானத்தில் ஒரே வெயிலில்தானே ஆடுகின்றன, அப்படியிருக்க வெப்பம் ஓர் அணிக்கு மட்டும் எப்படிச் சாதகமாகும் என்பது முதல் கேள்வி. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஆட்டக்காரர்கள் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்துத் தரையில் விழுவது உண்மையான வேதனையா, நேரம் கடத்தும் உத்தியா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வெயில் ஒன்றுதான், ஆனால் அது ஒவ்வோர் உடலிலும் ஏற்றும் சுமை ஒன்றன்று. உடலின் பருமன், முந்தைய இரண்டு வாரங்களை அந்த உடல் எங்கே கழித்தது, பந்து யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது, மாற்றி இறக்க எத்தனை பேர் இருக்கிறார்கள், உட்காரும் பெஞ்சு நிழலில் இருக்கிறதா என்பன எல்லாம் சேர்ந்தே அந்தச் சுமையைத் தீர்மானிக்கின்றன.

கால்பந்து என்று இங்கே நான் சொல்வது, ஹெல்மெட்டும் தோள் கவசமும் அணிந்து, இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தி, மோதியும் தள்ளியும் முன்னேறும் அமெரிக்க ஆட்டத்தை. பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளும் நடுவில் இருபது நிமிட இடைவேளையுமாக விதிப்புத்தகத்தில் இருக்கும் ஆட்டம், கடிகாரம் அடிக்கடி நிற்பதாலும் விளம்பர இடைவெளிகளாலும், நடப்பில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் நீள்கிறது. பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. ஃபுளோரிடா, லூசியானா, டெக்சஸ், அரிசோனா ஆகிய மாநிலங்களில் அப்போது கோடை தணிந்திருப்பதில்லை. ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஒளிபரப்பு நிறுவனங்களே முடிவு செய்கின்றன. நண்பகலில் தொடங்கும் ஆட்டம் நாளின் உச்ச வெப்பத்தைத் தன் இரண்டாம் பாதியில் சந்திக்கிறது. அரிசோனாவின் டெம்பி நகரில் செப்டம்பர் ஆட்டங்கள் இரவுக்குத் தள்ளப்படுவது இதனால்தான். லூசியானாவின் பேட்டன் ரூஜில் 1931-இல் இரவு ஆட்டம் தொடங்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களிலும் வெப்பமும் புழுக்கமும் உண்டு. இன்று அந்த மைதானத்தின் இரவு ஆட்டங்கள் அந்த ஊரின் பெருமையாகவே ஆகிவிட்டன.

உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே அசைவாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக உடலில் சேர்கிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி தானாகவே வெளியேறும். காற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அதன்பின் வியர்வை ஆவியாவது ஒன்றே கதி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். காற்றில் ஈரம் மிகுந்த மழைநாளில் பானைத் தண்ணீர் குளிராமல் இருப்பதைப் போலவே, புழுக்கமான மைதானத்தில் ஆட்டக்காரரின் வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வழிந்து கீழே விழுகிறது. வழிந்து விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடல் நீரை இழக்கிறது, பதிலுக்கு எதையும் பெறுவதில்லை.

இதன்மேல் உடையும் சேர்கிறது. தலையை மூடும் ஹெல்மெட், மார்பையும் முதுகின் மேற்பகுதியையும் மூடும் தோள் கவசம், அதன்மேல் இறுக்கமான ஜெர்சி, இடுப்பிலும் தொடையிலும் மெத்தைகள் என, வெப்பத்தை எளிதில் வெளியேற்றக்கூடிய இடங்களையே இந்த ஆட்டம் மூடிவைக்கிறது. கவசத்துக்கும் தோலுக்கும் இடையில் சிக்கிய காற்று சில நிமிடங்களில் ஈரத்தால் நிறைந்துவிடும். அதன்பின் வெளியே காற்று வீசினாலும் உள்ளே பயனில்லை. செயற்கைப் புல்தரை என்றால் நிலைமை இன்னும் மோசம். வெயில் காயும் பகலில் அந்தத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுவது வழக்கம், பக்கத்திலேயே இருக்கும் இயற்கைப் புல்வெளியோ அதற்கு வெகு கீழே நிற்கும். எனவே மேலே வெயில், கீழே தரை என இரண்டு பக்கமிருந்தும் வெப்பம் ஏறுகிறது.

வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து ஓர் ஆட்டத்தின் கடுமையை அளக்க முடியாது என்பதற்கும் இதுவே காரணம். தென் கரோலினாவின் பாரிஸ் ஐலண்டில் பயிற்சி பெற்ற கடற்படைத் தரைப்படை வீரர்கள் வெப்பத்தால் வீழ்வதைத் தடுப்பதற்காக 1950-களில் ஓர் அளவுகோல் உருவாக்கப்பட்டது. ஈரத்துணி சுற்றப்பட்டு, காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பமானி காட்டுவதில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் உள்ள வெப்பமானி காட்டுவதில் 20 விழுக்காடு, நிழலில் உள்ள சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 விழுக்காடு என மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது அதன் முறை. நாம் வழக்கமாகப் பேசும் வெப்பநிலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கே இடம், ஈரப்பதத்துக்கு முதலிடம். வடக்கு ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் 32 டிகிரி காட்டும் ஒரு பிற்பகல், டெம்பியில் 38 டிகிரி காட்டும் ஒரு வறண்ட பிற்பகலைவிட ஆட்டக்காரரை அதிகம் வாட்டக்கூடும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. இன்று பொறுப்புள்ள அணிகள் இந்த அளவையே மைதானத்தில் எடுத்துப் பார்த்து முடிவெடுக்கின்றன.

இனி, அணிக்குள்ளேயே வெப்பம் எப்படிப் பாரபட்சமாக நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். முன்வரிசையில் எதிராளியோடு முட்டிமோதும் லைன்மேன்கள் 300 பவுண்டுக்கு, அதாவது 136 கிலோவுக்கு, மேல் எடையுள்ளவர்கள். பின்வரிசையில் ஓடித் தடுப்பவரின் எடை 85 அல்லது 90 கிலோ இருக்கும். வெப்பம் உடலின் நிறைக்கு ஏற்ப உற்பத்தியாகிறது. தோலின் பரப்புக்கு ஏற்ப வெளியேறுகிறது. உடல் பெருக்கும்போது நிறை கூடும் அளவுக்குப் பரப்பு கூடுவதில்லை. ஆகவே பெரிய உடல், தான் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்றச் சிறிய வாசலையே வைத்திருக்கிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த வாசலுக்குத் திரை போடுகிறது. அவர்களுடைய வேலையோ ஒவ்வொரு முறையும் முழுப்பலத்தையும் செலுத்தி ஒரு மலையைத் தள்ளுவது போன்றது. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடுவதால் பார்வையாளருக்கு இவர்களின் களைப்பு தெரிவதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் வெப்பத்தாக்கால் இறந்தவர்களில் பெரும்பாலோர் லைன்மேன்கள் என்ற உண்மையை வைத்துப் பார்த்தால், வெயில் நாளில் நம் கண் போகவேண்டிய முதல் இடம் அந்த முன்வரிசைதான் என்பது என் உறுதியான கருத்து.

கடும் வெப்பத்தில் ஆடும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை வியர்க்கலாம், பெரிய உடல்களில் அதற்கு மேலும் போகும். வயிறும் குடலும் ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொள்வதோ சுமார் ஒரு லிட்டரே; எனவே விடாமல் குடித்தாலும் கணக்கில் பற்றாக்குறை விழுகிறது. உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீர் குறைந்தால் செயல்திறன் குறையத் தொடங்குகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கும்போது இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பின் வேகம் கூடுகிறது. இருக்கும் இரத்தத்துக்கோ இரண்டு வேலைகள்: தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோகவேண்டும், தோலுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகவேண்டும். குளிர்ந்த நவம்பர் மாதத்தில் இந்த இரண்டும் மோதிக்கொள்வதில்லை. செப்டம்பரில் தோல் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, தசை பட்டினி கிடக்கிறது. முதல் கால்பகுதியில் யாரும் இதை உணரமாட்டார்கள். மூன்றாம் கால்பகுதியில், ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் லைன்மேன்கள் கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கத் தொடங்கும்போது கணக்கு வெளியே வருகிறது.

இந்தக் கணக்கை முதன்முதலில் முறையாகப் போட்டுப் பார்த்தவர்கள் கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள். 1965-இல் அந்த அணியின் துணைப் பயிற்சியாளர் டுவெய்ன் டக்ளஸ், சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் ஒரு கேள்வியோடு வந்தார். ஆட்டத்தின்போதும் அதற்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் ஏன் சிறுநீர் கழிப்பதேயில்லை என்பது அந்தக் கேள்வி. சிலர் ஒரே ஆட்டத்தில் 18 பவுண்டு, அதாவது எட்டு கிலோ வரை எடை இழப்பதாகவும் அவர் சொன்னார். கேடும் அவருடைய சகாக்களான டேனா ஷயர்ஸ், அலெக்ஸ் டி கெசாடா, ஜேம்ஸ் ஃப்ரீ ஆகியோரும் முதலாண்டு மாணவர் அணியைச் சோதித்தார்கள். சிறுநீராகப் போகவேண்டிய நீர் முழுவதும் வியர்வையாகப் போயிருந்தது; இரத்தத்தின் அளவும் சர்க்கரையும் குறைந்திருந்தன; உப்புகளின் சமநிலை குலைந்திருந்தது. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து அவர்கள் உருவாக்கிய பானம் வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. எலுமிச்சைச் சாறு சேர்க்கும் யோசனையைச் சொன்னவர் கேடின் மனைவி மேரி. அணியின் பெயரான கேட்டர்ஸ் என்பதிலிருந்து அந்தப் பானம் கேட்டரேட் என்று பெயர் பெற்றது.

அந்த அக்டோபரில், பானத்தைக் குடித்த முதலாண்டு மாணவர்கள் பயிற்சி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தங்களைவிட மூத்தவர்களை எதிர்த்து எழுந்து நின்றதைக் கண்ட தலைமைப் பயிற்சியாளர் ரே கிரேவ்ஸ், மறுநாள் ஆட்டத்துக்கும் அதைத் தயாரித்துத் தரச் சொன்னார். கடும் வெயிலில் நடந்த அந்த ஆட்டத்தில் ஃபுளோரிடா, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 14-7 என்று வென்றது. 1967 ஜனவரி 2 அன்று ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கை 27-12 என்று வென்றபோது, தோற்ற அணியின் பயிற்சியாளர் பாபி டாட் அந்தப் பானம் தங்களிடம் இல்லாததையே வேறுபாடாகச் சொன்னார். இதில் எவ்வளவு பானத்தின் வேலை, எவ்வளவு, பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கான ஸ்டீவ் ஸ்பரியரின் வேலை என்று பிரித்துச் சொல்ல இயலாது. 1966-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றவர் அவர். ஆனால் இரண்டாம் பாதியில் சோர்ந்து போகாத அணி என்று ஃபுளோரிடாவுக்கு ஒரு பெயர் வந்ததும், வெப்பத்தை வெல்வது மனவுறுதியின் பாடம் என்ற எண்ணம் மாறத் தொடங்கியதும் அங்கேதான்.

அதற்கு முன்பிருந்த எண்ணம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1954 செப்டம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேர் பிரையன்ட், வறட்சியால் காய்ந்துகிடந்த ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு அணியை அழைத்துச் சென்று, பத்து நாள், பயிற்சிக்கு நடுவே தண்ணீர் கொடுக்காமல் வாட்டினார். தண்ணீர் கேட்பது கோழைத்தனம் என்று கருதப்பட்ட காலம் அது. போனவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே விலகினர். ஓர் ஆட்டக்காரர் வெப்பத்தாக்கால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அந்த ஆண்டு அணி பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. அந்த முகாமை வீரக்கதையாகச் சொல்பவர்கள் இந்தக் கடைசி வரியைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன்.

நண்பரின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். வெப்பத்துக்குப் பழகிய உடல் வேறு, பழகாத உடல் வேறு. பத்து முதல் பதினான்கு நாள் வெப்பத்தில் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகவும் வருகிறது, அதில் உப்பு குறைந்துவிடுகிறது. அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. குளிர்ந்த வட மாநிலத்தில் ஆகஸ்ட் முழுதும் பயிற்சி செய்துவிட்டு வெள்ளிக்கிழமை விமானத்தில் ஃபுளோரிடாவுக்கு வந்து இறங்கும் அணியால் இந்த மாற்றத்தை ஒரே இரவில் பெற முடியாது. எவ்வளவு உறுதியான உடலாக இருந்தாலும் இதற்குக் குறுக்குவழி கிடையாது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இன்று வசதி படைத்த தென்மாநில அணிகள் குளிரூட்டிய உள்ளரங்குகளில் பயிற்சி செய்கின்றன. ஆட்டம் முழுவதையும் அங்கேயே பழகிவிட்டால், வெயில் ஊரில் வாழ்ந்தும் வெயிலுக்குப் பழகாதவர்களாகவே அவர்கள் களமிறங்குவார்கள். சொந்த ஊரின் வெயில் தானாகவே சாதகமாகிவிடாது, அந்த வெயிலில் உழைத்த அணிக்குத்தான் அது சாதகம்.

ஆட்டத்தின் போக்கும் வெப்பத்தைப் பங்கிடுகிறது. பந்தை வைத்திருக்கும் தரப்பு எந்தப் பக்கம், எப்போது ஓடுவது என்று முன்கூட்டியே அறிந்து நகர்கிறது. தடுக்கும் தரப்பு அதைப் பார்த்துத் துரத்தவேண்டியிருப்பதால், நீண்டநேரம் களத்தில் நின்றால் அதுவே முதலில் ஓய்ந்துபோகும். ஆகவே வெயில் நாளில், நிதானமாக ஓடி ஓடி பத்துப் பன்னிரண்டு முயற்சிகளில் மைதானத்தைக் கடக்கும் அணி, புள்ளிகளோடு எதிரணியின் தடுப்பாளர்களின் கால்களையும் எடுத்துக்கொள்கிறது. கூடி நின்று திட்டம் பேசாமல் உடனுக்குடன் அடுத்த முயற்சியைத் தொடங்கும் வேக ஆட்டமும் இதே நோக்கில் பயன்படும். தாக்கும் தரப்பு ஆளை மாற்றினால்தான் தடுக்கும் தரப்பு மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் தருவார், மாற்றாமல் விரைந்தால் களைத்த தடுப்பாளர்கள் களத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். ஆனால் இந்த ஆயுதம் திரும்பியும் வெட்டும். வேக ஆட்டம் மூன்று முயற்சிகளிலேயே முன்னேற முடியாமல் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தால், அரை நிமிடம்கூட உட்காராத தன் சொந்தத் தடுப்பாளர்களையே மறுபடி வெயிலுக்கு அனுப்பவேண்டியிருக்கும்.

ஆள்பலம் இங்கே மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது. எட்டு நல்ல லைன்மேன்களை மாறி மாறி இறக்கக்கூடிய அணியில் ஒவ்வொருவரும் பாதி வெப்பத்தையே சுமக்கிறார்கள். நான்கு பேரை நம்பியிருக்கும் அணி நான்காம் கால்பகுதியில் அதற்கு விலை கொடுக்கும். பல லீக்குகளில் வெளியூர் செல்லும் அணி அழைத்துச் செல்லக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் இதிலும் உள்ளூர் அணிக்குச் சற்றே கை மேலோங்குகிறது. வலுவான ஓர் அணி வலுவற்ற ஓர் அணியை வெயில் நாளில் பெரிய வித்தியாசத்தில் வீழ்த்தும்போது அந்த வித்தியாசத்தின் கணிசமான பகுதி கடைசிக் கால்பகுதியில் உருவாவதற்குக் காரணம், திறமையைவிட மாற்று ஆட்டக்காரர்களின் தரமே என்று நான் நினைக்கிறேன்.

நிழலும் ஒரு பங்கு வகிக்கிறது. மயாமியின் ஹார்ட் ராக் மைதானத்தில், 2016-இல் கூரை அமைக்கப்பட்ட பிறகு, தொழில்முறை அணியான டால்பின்ஸின் பெஞ்சு நிழலிலும் எதிரணியின் பெஞ்சு வெயிலிலும் இருப்பது அனைவரும் அறிந்ததே; மயாமி பல்கலைக்கழக அணியும் ஆடும் மைதானம் அது. களத்தில் இருக்கும் நேரம் இருவருக்கும் சமம்தான். ஓய்வெடுக்கும் நேரத்தில் ஒருவர் உடல் ஆறுகிறது, மற்றவர் உடல் மேலும் சூடேறுகிறது என்பதுதான் வேறுபாடு, மூன்றரை மணி நேரத்தில் அது பெரிதாகிவிடும். கல்லூரி ஆட்டங்களில் வழக்கமாக உள்ளூர் அணி அடர்நிறமும் வெளியூர் அணி வெள்ளையும் அணிவதால் வெயிலை விலக்குவதில் விருந்தாளிக்குச் சிறு நன்மை உண்டு, ஆனால் நிழலுக்கு அது ஈடாகாது.

இவ்வளவும் சொன்னபின், வெப்பமே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2019 செப்டம்பர் 7 அன்று டெக்சஸின் ஆஸ்டினில் லூசியானா மாநில அணி ஆடியது. மாலை ஆறரைக்குத் தொடங்கியும் வெப்பம் தணியவில்லை; லூசியானாவின் தடுப்பாளர்கள் இரண்டாம் பாதியில் தசைப்பிடிப்பால் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அவர்களே வெயிலும் புழுக்கமும் மிகுந்த ஊரிலிருந்து வந்தவர்கள். அப்படி விழுந்தும் 45-38 என்று வென்று, அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசியப் பட்டத்தையும் அவர்கள் பெற்றார்கள். சமபலம் கொண்ட இரு அணிகளுக்கிடையில் வெப்பம் தராசைச் சாய்க்கலாம். சிறந்த தாக்கும் தரப்பை அது தோற்கடித்துவிடாது.

இந்த ஆட்டம் நண்பரின் இரண்டாவது கேள்விக்கும் நம்மைக் கொண்டுவருகிறது, ஏனென்றால் அன்று விழுந்தவர்கள் நடித்தார்கள் என்று அரங்கில் பலர் நினைத்தனர். எதிரணியின் வேகத்தை உடைக்கச் சிலர் நடிப்பது உண்டு என்பதை மறுக்க முடியாது. எனினும் தொடையோ கெண்டைக்காலோ கல்லாக இறுகி, விரல்கள் வளைந்து, தொட்டாலே துடிக்கும் அந்த வேதனையை நேரில் கண்டவர்கள் எல்லோரையும் நடிகர் என்று சொல்லமாட்டார்கள். காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்துகள் இருக்கின்றன. உப்பும் நீரும் குறைவதே காரணம் என்பது பழைய கருத்து. களைத்த தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளை கட்டுமீறிப் போவதே காரணம் என்பது புதிய கருத்து. வியர்த்து உலர்ந்தபின் ஜெர்சியில் வெள்ளைக் கறை படியும் அளவுக்கு உப்பை இழப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குப் பழைய கருத்து பெரிதும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது. 2000 செப்டம்பர் 3 அன்று டெக்சஸின் 109 டிகிரி பாரன்ஹீட் வெயிலில் டல்லஸை 41-14 என்று வென்ற பிலடெல்பியா தொழில்முறை அணி வெள்ளரிக்காய் ஊறுகாய்ச் சாற்றைக் குடித்து ஆடியதாகச் சொல்லப்பட்டதும் கல்லூரி அணிகளிலும் அந்தச் சாறு பரவியது. பின்னர் செய்த சோதனைகளில், சாற்றிலுள்ள உப்பு இரத்தத்தில் சேர்வதற்கு முன்பே பிடிப்பு விட்டுவிடுவது தெரிந்தது. தொண்டையில் படும் வினிகரின் புளிப்பு நரம்பு வழியாக அந்தக் கட்டளையைத் தணிப்பதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

வெப்பத்தின் சிறிய வேலைகளும் ஆட்டத்தில் புள்ளிகளாக மாறுகின்றன. வியர்த்த கையிலிருந்து பந்து நழுவுகிறது. குனிந்து பந்தைப் பின்னுக்குத் தரும் சென்டரின் கால்சட்டை நனைந்துபோவதால் வாங்கும் குவார்ட்டர்பேக் ஒவ்வொரு முறையும் துண்டில் கையைத் துடைக்கவேண்டியிருக்கிறது. சைகைக்கு முன்பே அசைந்து தண்டனை வாங்குவதும், எதிராளியை உடலால் தடுப்பதற்குப் பதில் கையை மட்டும் நீட்டித் தவறவிடுவதும் களைப்பின் அடையாளங்கள்.

அணிகள் இதற்குத் தயாராக வருகின்றன. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள்; பெஞ்சின் பின்னால் நீர்த்துளி தூவும் பெரிய மின்விசிறிகள் சுழலும்; கழுத்துக்கும் தலைக்கும் பனிநீரில் நனைத்த துண்டுகள் போகும்; விழுங்கக்கூடிய சிறு வெப்பமானியால் உடலின் உள்வெப்பத்தைக் கண்காணிக்கும் அணிகளும் உண்டு. இவற்றில் இருபது நிமிட இடைவேளையில் கவசத்தைக் கழற்றிக் குளிர்ந்த அறையில் உட்காருவதே பெரிய பயன் தருவது என்பேன், ஏனென்றால் அந்த ஒரு நேரத்தில்தான் உடல் தடையில்லாமல் வெப்பத்தை விடுகிறது. தாகமே இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து என்பதைச் சொல்லிவைக்கவேண்டும்; இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போனால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

ஆட்டத்தைவிடப் பயிற்சியிலேயே மரணங்கள் அதிகம் நிகழ்ந்திருக்கின்றன. ஆட்டத்தில் இடைவெளிகளும் மாற்று ஆட்களும் மருத்துவர்களும் உண்டு; பருவத்துக்கு முந்தைய பயிற்சியில் பழகாத உடலும், நிறுத்தத் தெரியாத ஓட்டமும், நிறுத்தச் சொல்லத் தயங்கும் இளைஞர்களும் ஒன்றுசேர்கிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பு 2003-இல் பயிற்சியின் முதல் ஐந்து நாளைப் பழக்கக் காலமாக வைத்தது: இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள் கவசமும், ஐந்தாம் நாளிலிருந்து முழு உடை. ஒரே நாளில் இருமுறை முழுப்பயிற்சி செய்யும் வழக்கம் 2017-இல் நிறுத்தப்பட்டது. இருந்தும் 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 19 வயது லைன்மேன் ஜோர்டன் மெக்நேர் ஓட்டப்பயிற்சியில் சரிந்து, ஜூன் 13 அன்று இறந்தார். அன்றைய வெயில் பெரிய வெயிலும் அன்று. அறிகுறி தோன்றி அவசர உதவியை அழைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. பனிநீரில் அவரை அமிழ்த்தவில்லை. பொறுப்பைப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

அந்த இளைஞரை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் வெப்பத்தாக்கு தவிர்க்கக்கூடிய சாவு. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடி, காரணமின்றிக் கோபம் வந்தால் அது வெப்பத்தாக்கு. அந்த வேளையில் வாயிலும் நெற்றியிலும் வைக்கும் வெப்பமானியை நம்பக் கூடாது, மலக்குடலில் எடுக்கும் அளவே நம்பகமானது. செய்யவேண்டியது ஒன்றே: கவசத்தைக் கழற்றி, கழுத்துவரை பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பது. இப்படிச் செய்தால் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். முதலில் குளிர்வித்து, உள்வெப்பம் 39 டிகிரிக்கு வந்தபிறகே மருத்துவமனைக்கு ஏற்றவேண்டும். மசாசூசெட்ஸின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேருக்கு இந்த முறையில் சிகிச்சை தரப்பட்டது, ஒருவர்கூட இறக்கவில்லை. தேவைப்படுவது ஒரு தொட்டி, தண்ணீர், பனிக்கட்டி, அதைப் பயன்படுத்த யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத பயிற்சி பெற்ற ஒருவர். வெயில் நாளில் மைதானத்தின் ஓரத்தில் அந்தத் தொட்டி நிரப்பி வைக்கப்பட்டிருக்கவேண்டும், 136 கிலோ எடையுள்ளவரும் அதில் முழுதாக அமிழும் அளவுக்கு அது பெரியதாக இருக்கவேண்டும்.